கழுவி அனுப்பிய முடி

ஜனவரி 8

அண்ணிக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். நடுவில் அண்ணன் "சிக்னல் இல்லை" என்று அணைத்துவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

நீங்கள் அனுப்பிய தடியனின் முடியை எங்கள் லேப்பில் சோதித்துவிட்டேன். துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு மூன்றும் சரியாக இருக்கின்றன. செலினியம் மட்டும் நோயில்லாத நாய்க்கு இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. கருவியில் கோளாறோ என்று மறுபடி ஓட்டினேன். அதே எண்தான் வந்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். செலினியம் ஒரு நுண் தாது. ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத்தான் உடம்புக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்யாது. அளவு மீறினால் அதுவே விஷம், முடி கொட்டும். உங்கள் கடைக்குக் குளிக்க வரும் நாய்களில் சுரப்பி நோய் உள்ளவற்றின் முடியை இத்தனை மாதமாக நீங்கள்தான் அனுப்பி வருகிறீர்கள். அவை எல்லாவற்றிலும் செலினியம் ஏறியிருக்கிறது. நோய் இல்லாத நாய்களின் முடியில் ஏறவில்லை. இதை வைத்துத்தான் எங்கள் லேப் தலைவர் செலினியத்தை இறக்கும் பொடியைத் தயாரித்தார். உங்கள் கடை அலமாரியிலும் அந்த டப்பாக்கள் இருக்கின்றன.

தடியனுக்குக் கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது என்று டாக்டரம்மா மாத்திரை கொடுக்கிறார். சுரப்பி ஏன் கெட்டது என்று அவர் கேட்கவில்லை. கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பது வைத்தியம் ஆகாது என்கிறார் தலைவர். மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். தீனியும் பொடியும் அனுப்பியிருக்கிறேன். அவற்றை மட்டும் கொடுங்கள்.

தடியன் என் நாய். நான் வேலைக்கு வந்த இடத்தில் நாய் வைத்துக்கொள்ள விடவில்லை என்பதால் உங்களிடம் விட்டு வந்தேன். கொடுத்துவிட்டு வரவில்லை. இத்தனை நாளும் அவனுக்கு என்னதான் போட்டீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 15

சின்னவளுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் உங்க அண்ணன், "என்ன எழுதியிருக்கா?" என்றார். "குற்றப்பத்திரிகை" என்றேன். அந்த நிமிஷமே எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுபோயிற்றாம். பழுது பார்க்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பார்க்கிற லிஃப்ட் எல்லாம் நம் சண்டை பார்த்துத்தான் நிற்கும்.

என்ன போட்டேன் என்று கேட்டாயே, எழுதிக்கொள். டாக்டரம்மா சொன்ன உலர்தீனி. உப்பில்லாமல் வேகவைத்த கோழி. நாங்கள் குடிக்கிற தண்ணீர். இந்த மூன்றில் உன் செலினியம் எதற்குள் ஒளிந்திருக்கிறது என்று நீயே தேடு.

மாத்திரைக்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்பது உனக்குத் தெரியாது. வாளி வாளியாகக் குடிப்பான். குடித்ததெல்லாம் கூடத்தில் விடுவான். விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டான், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். வெட்கம் தெரிந்த ஜீவன் அது. வயிறு பானையாகத் தொங்கி, விலாவில் முடி கொட்டி, கடைக்கு வருகிறவர்கள் "எத்தனாவது மாசம்?" என்று கேட்பார்கள். "ஆம்பளைங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. மாத்திரை தொடங்கியபின்தான் இந்த வீடு காய்ந்தது. வயிறு வடிந்தது. படி ஏறினான்.

அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாய். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு பூனையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யார் சொன்னது?"

"நாய்க்குச் சொந்தக்காரி. பெரிய லேப்ல இருக்கா."

"அந்தச் சொந்தக்காரி நாயைத் தொட்டுப் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

வீட்டு மானம், வாயை மூடிக்கொண்டேன். நீ வந்துபோய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது என்று நானா சொல்வேன்? அவர் தடியனின் கார்டை எடுத்துப் பார்த்தார். உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. "அவங்க வேண்டாம்னா நான் வாயைத் திறந்து ஊட்ட முடியாது. ஆனா எனக்கு இதுல சம்மதமில்லைன்னு எழுதி வெச்சுக்கறேன்" என்றார்.

உன் நாய், உன் உத்தரவு. நிறுத்திவிட்டேன். துடைப்பம் மட்டும் என்னுடையது.

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

தோலை ஒட்டி வெட்டி அனுப்பச் சொன்ன இரண்டாவது முடி வந்தது. இவ்வளவு நாளும் எங்கள் தீனியும் பொடியும் மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறான். இருந்தும் செலினியம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆகவே தீனியில் தப்பில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடையில்தான் ஏதோ இருக்கிறது. தயவுசெய்து கோபப்படாமல் படியுங்கள். ஒரே மேசை, ஒரே கத்தரிக்கோல், வருகிற நாய் எல்லாம் அதே தரையில். பத்து நாயின் அழுக்கு பதினோராவது நாயின் முடியில் ஒட்டியிருக்கலாம். தடியன் பகல் முழுவதும் அங்கேதான் படுத்துக் கிடக்கிறான். தரையை நக்குகிறானோ என்னவோ. கடையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு நான் லேப்பில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மறுபடி அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறான் என்று அண்ணன் சொன்னார். தலைவரிடம் கேட்டேன். தாது இறங்கும்போது முதலில் அப்படித்தான் இருக்குமாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

அழுக்கு என்று எழுதியவளுக்கு,

உன் கடிதத்தை முதலில் கிழித்தேன். பிறகு ஒட்டி மறுபடி படித்தேன், ஒரு வார்த்தையும் விடாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

நான் இந்தக் கடையைத் திறந்த நாளிலிருந்து ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். கழுவாத நாய்மேல் என் கத்தரிக்கோல் படாது. கலெக்டர் நாயாக இருந்தாலும் சரி. அழுக்கு முடியில் வெட்டினால் கத்தரிக்கோல் மழுங்கும், தோல் கிழியும். உனக்கு முடி வெட்டுவதற்கும் அதே சட்டம்தான். முதலில் குளியல், பிறகு உலர்த்தல், பிறகுதான் முடி, பிறகுதான் உன் காகித உறை. தோல் நன்றாக இருக்கிற நாய்க்குச் சாதாரண ஷாம்பு. தோல் செதிலாக உரிந்து பிசுபிசுத்து நாறுகிற நாய்க்கு மருந்து ஷாம்பு. உன் சுரப்பிக்காரர்கள் ஒருவர் விடாமல் இந்த இரண்டாவது வகைதான். அந்த ஆரஞ்சு நிறத் திரவம், மனிதர்கள் பொடுகுக்குப் போடுவதே. தேய்த்து, ஊறவிட்டு, அலசி, மறுபடி தேய்த்து, மறுபடி அலசுவேன். கையுறை போட்டாலும் சாப்பிடும்போது என் விரலில் கந்தக வாடை வரும். தடியனுக்கு வாரத்துக்கு இருமுறை இந்தச் சேவை. மாத்திரை நிறுத்தியபின் தோல் மோசமாகிவிட்டதால் மூன்று முறை. உனக்கு இரண்டாவது முடி வெட்டிய அன்று அவனை இன்னும் கூடுதலாக ஊறவைத்தேன், உன் லேப்பில் ஒரு தூசி என்றுகூட யாரும் சொல்லக் கூடாது என்று.

இதைவிடச் சுத்தமாக எவளாவது முடி அனுப்பினால் அவளை எனக்குக் காட்டு.

இனி நீ பொறுத்துக்கொள்ளச் சொன்ன சமாச்சாரம். தடியன் இப்போது குழாயடியை விட்டு நகர்வதில்லை. மூச்சு இரைக்கிறது. படியில் கால் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறான். இவ்வளவு சாப்பிட்டும் முதுகெலும்பு தட்டுப்படுகிறது, வயிறு மட்டும் தொங்குகிறது. இது தாது இறங்குகிற அழகு என்றால் உங்கள் தலைவரை வந்து இங்கே துடைக்கச் சொல்.

இன்னொன்று. எதிரே தையல்கடை வைத்திருக்கிறாரே, அவர் நாய் பஞ்சுவுக்குத் தைராய்டு குறைவு. அவரும் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பஞ்சு வெயிலில் கல் மாதிரி கிடக்கிறது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறது. "நீங்க வெச்சிருக்கிற பொடிதானே, நல்லதாத்தான் இருக்கும்" என்றார்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணி,

உங்கள் கடிதம் வந்ததும் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் சொல்வதைப் பாதியில் விட்டுவிடுவார் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

தடியனை உடனே டாக்டரம்மாவிடம் கொண்டு போங்கள். மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ரத்தம் பார்க்காமல் நீங்களாகப் பழைய அளவைக் கொடுக்காதீர்கள். பஞ்சுவையும் அவரிடம் அனுப்புங்கள். பொடியை எல்லோரும் நிறுத்த வேண்டும்.

அந்த ஆரஞ்சு நிறத் திரவத்தில் இருக்கும் மருந்தின் பெயர் செலினியம் சல்ஃபைடு.

உங்கள் நாய்களின் உடம்பில் செலினியம் ஏறவே இல்லை. முடியில் ஏறியிருக்கிறது, வெளியிலிருந்து. நோயுள்ள நாய்க்குத் தோல் கெடுகிறது. தோல் கெட்டதால் மருந்து ஷாம்பு போடுகிறீர்கள். போட்ட பிறகு முடி வெட்டுகிறீர்கள். நோயில்லாத நாய்க்குச் சாதாரண ஷாம்பு, அதனால் அதன் முடியில் ஒன்றும் இல்லை. நாங்களும் சோதிக்கும் முன் முடியைக் கழுவுகிறோம். ஆனால் இந்த மருந்து முடிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும், எங்கள் கழுவலுக்கு அசையாது. இத்தனை மாதமாக நான் அளந்தது நோயை அல்ல, உங்கள் புட்டியை.

முடியை எப்படி எடுக்கிறீர்கள் என்று எங்கள் லேப்பில் ஒருவர்கூட உங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வேலை என்னுடையது.

இதைத் தலைவர் முன்னால் நிரூபிக்க வேண்டும். நோயே இல்லாத ஒரு நாயின் முடியை, மருந்து ஷாம்பு போடுவதற்கு முன்பும் பின்பும் வெட்டி அனுப்புவீர்களா?

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே தடியன் கிளினிக்கில் இருந்தான். உங்க அண்ணன் நீ சொன்னதாக, "மாத்திரையைப் பத்தி ஏதோ சொன்னா, ஷாம்பு சரியில்லையாம்" என்றார். அவரை வைத்து ஒரு ராஜ்ஜியத்தைக் கவிழ்க்கலாம். அதைக் கேட்டு நான் இன்னொரு சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, கோழி வைத்த தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தடியன் தலையைத் திருப்பிக்கொண்டான். பிறகு வாந்தி. பிறகு எழுந்திருக்கவில்லை. அவனை ஒரு போர்வையில் போட்டு நானும் தையற்காரரும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கம். கார்டிசால் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடினால் இன்சுலின் தோற்றுப்போகும், அப்படித்தான் சில நாய்களுக்குச் சர்க்கரை நோய் வரும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையோடு இருந்திருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன். "வந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படி வந்திருக்காது" என்றார். இந்த வாக்கியத்தை நான் யார்மேல் வீசுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். உன்மேல் வீசலாம். "உன் நாய் உன் உத்தரவு" என்று வீம்புக்குத் தலையாட்டியவள் நான். என்மேலும் கொஞ்சம் விழும்.

காலில் ஊசி செருகி டிரிப்ஸ் ஏறுகிறது. பகலில் கடையை அடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று வாலை ஒருமுறை தரையில் தட்டினான். மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறார். இனி தினமும் இருவேளை இன்சுலின் ஊசி, உயிருள்ளவரை. "யார் போடுவீங்க?" என்று கேட்டார். நான்தான், வேறு யார்.

தையற்காரரிடம் பொடியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ இத்தனை நாளா எங்க பஞ்சு தின்னது என்ன?"

"ஒண்ணுமில்லை. வெறும் பொடி."

"உங்க கடை முடியை வெச்சுத்தானே பொடியே வந்துதுன்னு பெருமையாச் சொன்னீங்க?"

"சொன்னேன்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நீங்க சொன்னதால நிறுத்தினேங்க. லேப் சொன்னதால இல்லை" என்றார். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லேப்பில் யாருக்காவது இறங்காமல் இருக்கிறதா?

நீ கேட்ட முடி இதோடு இருக்கிறது. கடைக்கு வரும் வெள்ளை நாய் ஒன்று, குழந்தை மாதிரி தோல், ஒரு நோயும் கிடையாது. முன், பின் என்று உறைமேல் எழுதியிருக்கிறேன். மூன்றாவது உறையில் பெயர் எழுதவில்லை. அது உங்க அண்ணன் தலைமுடி. அவருக்குப் பொடுகு, நான் பார்க்காத நேரத்தில் கடைப் புட்டியைத்தான் எடுத்துத் தேய்த்துக்கொள்கிறார். இருக்கிற நாலு முடியில் இரண்டை அறிவியலுக்குக் கொடுத்திருக்கிறார். வீணாக்காதே.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

முடிவுகள் வந்துவிட்டன. வெள்ளை நாயின் முன் முடியில் செலினியம் இருக்க வேண்டிய அளவு. பின் முடியில் தடியனுக்கு இருந்ததைப் போலவே. அண்ணனின் முடி எல்லா நாய்களையும் தோற்கடித்துவிட்டது.

மூன்று தாளையும் பெயரில்லாமல் தலைவர் மேசையில் வைத்தேன். அவர் அமைதியான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அண்ணனுடைய தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"பாவம், இதுக்குச் சுரப்பி முழுக்கப் போயிருக்குமே. பொடி இரண்டு பங்கு கொடுக்கச் சொல்லுங்க."

"அது எங்க அண்ணன், சார்."

சிரிப்பார் என்று நினைத்தேன். தாளைக் கவிழ்த்து வைத்தார். ஷாம்பு விஷயத்தை விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் இப்போதும் என் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது.

"சரி, அந்தக் கடை முடியில கோளாறு. பொடியில கெடுதல் ஒண்ணும் இல்லையேம்மா."

"கெடுதல் இல்லாத பொடியை நம்பித்தான் சார் மாத்திரையை நிறுத்துறாங்க."

"நிறுத்துங்கன்னு நாம எங்கேயும் எழுதலை. மருத்துவரைக் கேளுங்கன்னு டப்பாவுக்கு அடியில போட்டிருக்கோம்."

"எங்கிட்ட வாயால சொன்னீங்க."

"வீட்டு நாய்க்குக் கேட்டீங்க, சொன்னேன். வீட்டு விஷயத்தை ஆபீசுக்குள்ள இழுக்காதீங்க."

எது வீட்டு விஷயம்? உங்கள் கடையில் தாதுவில் குளித்த நாய்களைத் தாது ஏறிய நோயாளிகள் என்று சொல்லி வழவழப்பான தாளில் வண்ணப் படம் போட்டு அச்சடித்தபோது அது வீட்டு விஷயமாக இல்லை. எங்கள் துறையில் உண்மையிலேயே தேட வேண்டிய கேள்வி இது. சுரப்பி நோய் வந்த நாயின் உடம்பில் துத்தநாகமும் தாமிரமும் செலினியமும் எப்படி மாறுகின்றன, எது காரணம், எது விளைவு என்று பொறுமையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடியை மட்டும் நம்புவதில்லை, ரத்தத்தையும் பார்க்கிறார்கள். நாங்கள் பதிலை முதலில் டப்பாவில் அடைத்துவிட்டுக் கேள்வியைப் பிறகு தேடினோம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். தலைவரைக் கேட்டேனே தவிர, தடியனைப் பார்த்துக்கொண்டிருந்த உங்களைக் கேட்கவில்லை.

கால்நடை மருத்துவர்கள் சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், எண்களோடு.

தடியனை நான் அழைத்துக்கொள்கிறேன். தரைத்தளத்தில் நாய் வைத்துக்கொள்ள விடும் வீடாகப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டேன். ஊசி போடக் கற்றுக்கொள்வேன். என் நாய், என் தப்பு, நானே பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு இனிமேலாவது வீடு காய்ந்து கிடக்கட்டும். எந்த நாள் வந்து அழைத்துப் போகலாம் என்று எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 22

சின்னவளுக்கு,

உன் லேப் தலைவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்த கோபம் பெரியது. கடைசிப் பத்தியைப் படித்தபோது வந்தது அதைவிடப் பெரியது.

தப்புச் செய்துவிட்டாய், சரி. அதற்குப் பிராயச்சித்தம் நாயைத் தூக்கிக்கொண்டு போவதா? யாருக்கு அது பிராயச்சித்தம்? உனக்கு மனசு ஆறும். அவனுக்கு?

தடியனின் வலது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. சர்க்கரை வந்த நாய்களுக்கு இப்படி வரும், இடது கண்ணும் போகும் என்கிறார் டாக்டரம்மா. அவன் இப்போது இந்த வீட்டை மூக்கால் பார்க்கிறான். கதவு நிலையில் உடம்பை உரசிக்கொண்டு வருவான். கடையில் ஷாம்பு வாடை முடிகிற இடத்தில் வலப்பக்கம் திரும்பினால் தன் சாக்கு என்று தெரியும். உங்க அண்ணன் செருப்பு இருந்தால் வாசல் என்று தெரியும். செருப்பை அவர் இடம் மாற்றிப் போட்ட அன்று தடியன் சுவரில் முட்டிக்கொண்டான். இருபது வருஷமாக நான் சொல்லித் திருந்தாத மனிதர், அன்றிலிருந்து ஒரே இடத்தில் விடுகிறார். இவனை நீ தெரியாத ஊரில், தெரியாத வீட்டில், நீ வேலைக்குப் போன பிறகு பூட்டிய கதவுக்குள் வைக்கப் போகிறாய்.

ஊசி கற்றுக்கொள்கிறாயாம். நானும் கற்றுக்கொண்டேன். முதல் தடவை தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வெளியே வந்து, மருந்து முழுக்க என் புடவையில். இப்போது அவன் சாப்பிட்டு முடித்ததும் தானாக வந்து முதுகைக் காட்டி நிற்கிறான். அப்படி நிற்க அவனுக்கு யார்மேலாவது நம்பிக்கை வேண்டும். அதை முன்பணம் கொடுத்து வாங்க முடியாது.

கடையிலிருந்து பொடியை எடுத்துவிட்டேன். வாங்கினவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒருவர், "நாத்தனாரோட சண்டையா?" என்று கேட்டார். இன்னொரு அம்மாள், "எங்க நாய்க்குப் பொடிதான் ஒத்துக்கிச்சு, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். பஞ்சு மட்டும் மாத்திரைக்குத் திரும்பி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நேற்று என்னைப் பார்த்துக் குரைத்தது. பேச்சை நிறுத்தியிருந்த தையற்காரர் அதற்காக ஒரு வார்த்தை பேசினார். "குரைக்குது, பாருங்க" என்றார்.

இதோடு டாக்டரம்மா கொடுத்த தாள் ஒன்று இருக்கிறது. தடியனின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். கீழே உன் கையெழுத்து வேண்டும். யோசித்துப் பார்க்கிறேன் என்று எழுதாதே. இரண்டு பேர் பெயரையும் போடலாமா என்றும் கேட்காதே. வாந்தி எடுத்து விழுந்த நாயை வைத்துக்கொண்டு, உன்னிடம் கேட்கலாமா வேண்டாமா என்று நான் இனி ஒரு நாளும் நிற்க மாட்டேன். நீ படித்தவள், உன் யோசனையைக் கேட்பேன். உத்தரவு கேட்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு சில நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். குட்டியாக அவனைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நான், என்னிடமிருந்து நாயைப் பிடுங்குகிறீர்கள் என்று உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். எழுதும்போதுதான் கவனித்தேன், நான்கு பக்கத்திலும் அவன் குட்டியாகவே இருந்தான். பிறகு நடந்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களை அனுப்பவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. முன்பணம் வாங்கிய வீட்டுக்காரரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்கள் சங்கம் விளக்கம் கேட்டு எழுதியது. அதற்கு எங்கள் நிறுவனம், முடிச் சோதனை பற்றிய ஒரு வரியை மட்டும் விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டது. பொடி அப்படியே விற்கிறது. என்னை லேப்பிலிருந்து எடுத்து, டப்பாக்களுக்கு மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். தலைவர் வழியில் பார்த்தால் இப்போதும் அன்பாகத்தான் விசாரிக்கிறார், "நாய் எப்படிம்மா இருக்கு?" என்று. நேற்று அவரிடம், "கண்ணு போயிட்டிருக்கு, சார்" என்றேன். "அடடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். மாதக் கடைசியில் விலகுகிறேன். அதுவரை என் கண்ணில் பட்ட மூடி எதுவும் சரியாக இறுகாது.

உங்களிடம் பொடி வாங்கி இன்னும் நிறுத்தாதவர்களின் முகவரி கொடுத்தால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே எழுதுகிறேன். அந்தக் கதவு சாத்திய அம்மாளுக்கு முதலில். நாத்தனார் சண்டை இல்லை என்று நாத்தனாரே எழுதினால் நம்புவார்.

ஒரு யோசனை. உத்தரவில்லை. இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காதீர்கள், திறந்து மூடும்போது சூடு ஏறும். உள்தட்டில் வையுங்கள்.

இரண்டாவதாக ஒரு கேள்வி. வேலையை விட்ட பிறகு எனக்குச் சில நாள் இருக்கிறது. உங்கள் நாயைப் பார்க்க வரலாமா? அவனுக்கு என் வாடை பழகியிருக்காது, பயப்படுவான் என்றால் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். வேண்டாம் என்றால் அதையும் நீங்களே எழுதுங்கள், அண்ணனிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

உங்கள் நாத்தனார்